தொலைதூரப் பனிக்கோளங்களின் உருவமும் சுழற்சியும்

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள உப்பல் என்னும் ஊரின் பெயர் கிரிக்கெட் ஆட்டத்தை விரும்பும் நேயர்கள் அனைவருக்கும் தெரிந்ததே. அங்குள்ள பெரிய விளையாட்டரங்கின் நடுவே ஒரு கிரிக்கெட் பந்து ஓயாமல் சுழன்றுகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பந்தைத் திருச்சி மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து ஒருவர் பார்க்க முயல்கிறார். இடையே மலையும் இல்லை, தூசியும் இல்லை, பூமியின் வளைவும் இல்லை என்றே கொள்வோம். ஆயினும் இடைத்தூரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 730 கிலோமீட்டர். பந்து ஒருமுறை சுற்ற எவ்வளவு நேரமாகிறது, அது உருண்டையான பந்துதானா அல்லது தேங்காயைப்போல் நீண்டதா என்று அவரைக் கேட்டால், அவர் நம்மைப் பார்த்து நகைப்பார் அன்றோ?

இதற்கு ஒப்பான கேள்வியைத்தான் வான நூலார் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டனர். நகைப்பதற்கு மாறாக விடையும் கண்டனர். அவ்விடை எவ்வாறு கிட்டியது என்பதையும், அவ்வழியில் நம் நாட்டார் செய்த பணி யாது என்பதையும் இங்கே பார்ப்போம்.

நெப்டியூன் கிரகத்திற்கு அப்பால் சூரியனைச் சுற்றிவரும் சிறு உலகங்கள் எண்ணற்றவை. அவற்றுள் புளூட்டோ 1930-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அப்பிரதேசத்தில் புளூட்டோவையும் அதன் துணைக்கோளையும் தவிர வேறெதுவும் தென்படவில்லை. 1992-இல் ஹவாய்த் தீவின் மௌனா கீ மலையிலிருந்து டேவிட் ஜூவிட், ஜேன் லூ என்னும் இருவர் அடுத்ததைக் கண்டனர். இன்று ஆயிரக்கணக்கில் கணக்கெடுத்திருக்கிறார்கள். கைப்பர் மண்டலம் என்று பெயர் பெற்ற இப்பகுதியில் உறைந்த நீரும், பாறையும், சில இடங்களில் உறைந்த மீதேனும் நைட்ரஜனும் கலந்த பிண்டங்கள் உலவுகின்றன. சூரிய மண்டலம் உருவானபோது கிரகங்களாகத் திரளாமல் எஞ்சிய பொருள்கள் இவை. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாகக் குளிர்ப்பெட்டியில் வைத்தாற்போல் கிடப்பவை. வழக்கம் பற்றி இவற்றைக் கோளம் என்கிறோம். எல்லாம் உருண்டை அல்ல என்பதை நேயர்கள் போகப்போகக் காண்பார்கள்.

2000-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து ராபர்ட் மக்மில்லன் கண்டுபிடித்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு வருணன் என்று நம் நாட்டுத் தெய்வத்தின் பெயரையே சூட்டினர். தொல்காப்பியம் நெய்தல் நிலத்திற்கு உரியவனாகக் கூறும் அதே வருணன். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. இந்தி மொழியில் நெப்டியூன் கிரகத்தையே வருணன் என்று வழங்குகின்றனர். ஆகவே ஒரு மொழியின் குறிப்பைப் பார்த்து மற்றொரு மொழியில் எழுதுவோர், 8-ஆவது கிரகத்தையும் அதற்கு அப்பாலுள்ள இச்சிறு உலகத்தையும் ஒன்றாக்கிவிட வழியுண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் இவ்விடத்தில் விழிப்புடன் இருத்தல் நலம்.

வருணன் சூரியனிலிருந்து ஏறக்குறைய 640 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் மேற்பட்டுத் திரும்பும் சூரிய ஒளி நம்மை வந்தடைய ஆறு மணி நேரம் ஆகிறது. அதன் சராசரி விட்டம் 700 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என மதிப்பிட்டுள்ளனர். இக்கணக்கின்படி அது நம் கண்ணுக்குக் காட்டும் அளவு, உப்பலில் சுழலும் பந்து திருச்சிக்குக் காட்டும் அளவேயாகும். ஒளியோ வெனில், வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிக மங்கிய விண்மீனைவிட நான்கு லட்சம் மடங்கு மங்கல். வானவெளியில் மிதக்கும் ஹபிள் தொலைநோக்கிக்கும் அது ஒரு புள்ளியே. உருவம் என்று காண அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் புள்ளிக்கும் ஒளி உண்டு. ஒளி ஏறி இறங்குவதும் உண்டு. ஒரு முழுத் தேங்காயை நடுவில் நூல் கட்டிப் படுக்கை வாட்டத்தில் தொங்கவிட்டு, விளக்கின் எதிரே மெல்லச் சுழல விடுங்கள். விளக்கின் அருகே நின்று பார்த்தால், ஒரு முழுச் சுற்றில் அகன்ற பக்கம் இருமுறையும் கூரிய முனை இருமுறையும் நம்மை நோக்கும். அகன்ற பக்கம் தெரியும்போது ஒளி மிகும். முனை தெரியும்போது குன்றும். தேங்காய் கண்ணுக்குப் புலப்படாத தூரத்தில் இருந்தாலும், அதனிடமிருந்து வரும் ஒளியை மணிக்கணக்கில் அளந்து, நேரத்திற்கு எதிராகப் புள்ளி வைத்துக் கோடு வரைந்தால், மேடும் பள்ளமுமாக ஓர் அலை கிடைக்கும். இதனை ஒளிமாற்றக் கோடு என்போம்.

2001 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் ஜூவிட்டும் ஸ்காட் ஷெப்பர்டும் வருணனின் ஒளியை இவ்வாறு அளந்தனர். மிகுந்த ஒளி குறைந்த ஒளியைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 3.17 மணி நேரம். அப்படியாயின் வருணன் ஒருமுறை சுழல 3.17 மணி நேரம் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தேங்காயைப்போல் நீண்ட உருவமாயின் ஒரு சுற்றில் இரண்டு மேடுகள் வரவேண்டும். அப்போது சுழற்சி 6.34 மணி நேரம். உருண்டையான பந்தின் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் இருந்தாலோ ஒரு சுற்றில் ஒரே மேடு. அப்போது சுழற்சி 3.17 மணி நேரம். ஒளிமாற்றக் கோடு ஒன்றே. அதற்குப் பொருள் இரண்டு.

வெறும் பந்தின் மீதுள்ள கறையும் இத்தகைய அலையை உண்டாக்கும் என்பதற்குப் புளூட்டோவே சான்று. 1955-இல் மெர்ல் வாக்கர், ராபர்ட் ஹார்டி என்னும் இருவர், புளூட்டோவின் ஒளி ஏறி இறங்குவதிலிருந்து அது சுழலும் காலம் ஏறத்தாழ 6.39 நாள் என்று கணித்தனர். அறுபது ஆண்டுகள் கழித்து 2015 ஜூலை 14-ஆம் நாள் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே சென்று படம் பிடித்தபோது, புளூட்டோ நல்ல உருண்டை என்பதும், அதன் மேல் பரந்த வெண்பனி வெளிகளும் கருநிலங்களும் இருப்பதும் தெரியவந்தன. முகத்தைக் காணாமலே முன்னவர்கள் கணித்த காலம் சரியாகவே இருந்தது.

வருணன் விஷயத்தில் தீர்ப்புக்கு உதவியது நிறம். பனி ஓரிடத்தும் கருநிலம் ஓரிடத்துமாக இருந்தால், சுழலும்போது ஒளியுடன் நிறமும் சிறிதளவாவது மாறும் என்று எதிர்பார்க்கலாம். வருணனிடத்தில் அத்தகைய நிறமாற்றம் எதுவும் காணப்படவில்லை. ஆகவே மாறுவது முகத்தின் வண்ணம் அன்று, முகத்தின் அகலமே என்று கொண்டு, சுழற்சி 6.34 மணி நேரம் என்றும், நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்றும் முடிவு செய்தனர்.

இத்தகைய அளவையில் மற்றொரு தொல்லையும் உண்டு. வானத்தை இரவில்தான் பார்க்க இயலும். மிகச் சரியாக ஆறு மணி நேரத்தில் சுழலும் ஒரு பொருளை நாள்தோறும் இரவு பத்து மணிக்குப் பார்ப்பவனுக்கு அது அசையாமல் நிற்பதாகவே தோன்றும். பல இரவுகள், பல மணி நேரம், இயன்றால் பூமியின் வெவ்வேறு தீர்க்கரேகைகளிலிருந்து இடைவிடாமல் அளந்தால்தான் ஐயம் தீரும். ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே உள்ள நம் நாட்டின் வானம் மதிப்புப் பெறுவது இதனாலேதான்.

ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் இக்கலை ஹைதராபாத்திற்குப் புதிதன்று. உப்பலுக்கு மேற்கே அணித்தாக உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அப்பல்கலைக்கழகம் நகருக்கு வெளியே ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஜபால், ரங்காபூர் என்னும் கிராமங்களை அடுத்து 1968-இல் 48 அங்குலத் தொலைநோக்கியை நிறுவியது. ஒன்றையொன்று சுற்றி ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களின் ஒளியை அங்கே அளந்தனர். அவ்வாராய்ச்சியில் பேராசிரியர் கே. டி. அப்யங்கர் பெயர் பெற்றவர். அவ்விரட்டையும் தொலைநோக்கியில் ஒரே புள்ளிதான். அப்புள்ளியின் ஒளியைக்கொண்டே இரு விண்மீன்களின் பருமனையும் சுற்றுப்பாதையின் சாய்வையும் கணித்தார்கள். பனிக்கோளங்களின் ஆராய்ச்சி இதே வித்தையை மேலும் மங்கிய பொருளுக்குச் செலுத்துவதேயாகும்.

சுழற்சிக் காலமும் நீள அகலமும் தெரிந்துவிட்டால், எவரும் தொட்டுப் பார்க்காத அப்பொருளின் அடர்த்தியையும் கணிக்க ஒரு வழி உண்டு. இவ்வழியைச் செப்பனிட்டுத் தந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர். சிறு பாறையின் வடிவத்தை அதன் கடினத்தன்மை நிர்ணயிக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பிண்டத்திலோ, தன் சொந்த ஈர்ப்பு விசையே பாறையையும் பனியையும் நெகிழ்த்திவிடுவதால், அது நீர்த்துளியைப்போல் நடந்துகொள்ளும். மெல்லச் சுழலும் துளி துருவங்களில் தட்டையாகும். அதற்குமேல் விரைந்தால், நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறான முட்டை வடிவம் கொள்ளும் என்பதை 1834-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஜாக்கோபி காட்டினார். இவ்வடிவங்கள் எப்போது நிலைத்து நிற்கும், எப்போது குலையும் என்பதைச் சந்திரசேகர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1969-இல் ஒரு பெரு நூலாக வெளியிட்டார். அக்காலத்தில் வருணனும் இல்லை, கைப்பர் மண்டலத்தில் புளூட்டோவைத் தவிர வேறு எவரும் அறிந்த உலகமும் இல்லை. பயன் கருதாத கணிதம் என்று சிலர் கருதியிருக்கக்கூடும். ஆனால் வருணனின் அடர்த்தியைக் கணிக்க வேண்டி வந்தபோது கைகொடுத்தது அதுவே. ஜாக்கோபியின் வடிவமாகக் கொண்டால், வருணனின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்தியே என்று விடை வந்தது. பாறையும் பனியும் கலந்திருந்தும் நீரளவே எடை என்றால், உள்ளே வெற்றிடங்கள் நிறைந்து பொறுபொறுவென்று இருக்கவேண்டும்.

இவ்வளவும் ‘ஆயின்’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது என்பதை மறத்தல் கூடாது. அச்சொல்லை நீக்கவல்லது நிழல் ஒன்றே.

பனிக்கோளம் ஒன்று தொலைவிலுள்ள விண்மீனை மறைக்குமாயின், அதன் நிழல் பூமியின் மீது விழுந்து ஓடும். விண்மீன் அளவிறந்த தூரத்தில் இருப்பதால் நிழலின் அளவு பனிக்கோளத்தின் அளவேயாகும். நிழற்பாதையில் நிற்பவர் விண்மீன் சில விநாடிகள் அணைந்து மீண்டும் ஒளிர்வதைக் காண்பார். நிழலின் வேகம் கணக்கினால் தெரியும். ஆகவே அணைந்திருந்த நேரம் கோளத்தின் குறுக்கே ஒரு கோட்டின் நீளத்தைத் தந்துவிடுகிறது. பல ஊர்களில் பலர் நின்று அளந்தால் பல கோடுகள். அவற்றின் முனைகளைச் சேர்த்தால் உருவம். 2010 பிப்ரவரி 19-ஆம் நாள் வருணனின் நிழல் பிரேசில் நாட்டில் விழுந்தது. அங்கே ஓரிடத்தில் விண்மீன் 52 விநாடிகளுக்கு மேல் மறைந்திருந்தது. அதாவது ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள கோடு. சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி நின்றவர்களுக்கோ விண்மீன் மறையவே இல்லை. நீண்ட உருவம் என்ற முடிவுக்கு இது நல்ல துணையாயிற்று.

மறைப்பைக் காத்திருந்து அளப்பதில் தமிழ்நாடு முன்னணியில் நின்ற காலம் ஒன்று உண்டு. ஹைதராபாத் நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவரின் மகனாக வளர்ந்து, அந்நகரின் நிஜாம் கல்லூரியில் பயின்ற வைணு பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூர் நிலையத்தைத் தோற்றுவித்தார். அங்கே 1 மீட்டர்த் தொலைநோக்கி 1972-இல் அமைந்தது. அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள், வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை அதைக்கொண்டு அளந்தார்கள். 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரில் காத்திருந்தனர். கிரகம் மறைப்பதற்குக் குறித்த நேரம் வருமுன்னரே விண்மீனின் ஒளி சில விநாடிகள் குன்றியது. புதிய துணைக்கோளோ என்று முதலில் எண்ணினர். அதே இரவில் இந்து மகாசமுத்திரத்தின் மேல் விமானத்தில் பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவினரின் அளவைகளும் சேர்ந்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியாயிற்று. சனியைத் தவிர வேறொரு கிரகத்திற்கும் வளையம் உண்டென்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

நிழல் எந்த ஊரில் விழும் என்று முன்கூட்டி அறிந்தாலன்றி இம்முறை பயன்படாது. அதற்கு விண்மீன் நிற்கும் இடம் மிகத் துல்லியமாகத் தெரியவேண்டும். இங்கே மறுபடியும் ஹைதராபாத்தின் நினைவு வருகிறது. நிஜாமியா நிலையம், உலக நாடுகள் பல சேர்ந்து மேற்கொண்ட விண்மீன் அட்டவணைப் பணியில் ஒரு பங்கை ஏற்றது. 1918 முதல் அதன் இயக்குநராக இருந்த டி. பி. பாஸ்கரன் காலத்தில் அப்பணி முழுவேகத்துடன் நடைபெற்றது. கண்ணாடித் தகடுகளில் வானத்தைப் படம் பிடித்து, ஒவ்வொரு விண்மீனாக அளந்து, ஏழு லட்சத்திற்கும் மேற்பட்டவற்றின் இடங்களை அச்சிட்டார்கள். அச்சலிப்பூட்டும் உழைப்பை இன்று எவர் நினைக்கிறார்கள்? ஆனால் 2000-ஆம் ஆண்டில் டைக்கோ-2 என்னும் அட்டவணையைத் தொகுத்தவர்கள், விண்மீன்கள் நூறாண்டில் எவ்வளவு நகர்ந்துள்ளன என்று அறிய அப்பழைய அளவைகளையே நாடினார்கள். பின்னர், 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலம் 2025 வரை பணியாற்றி அத்துல்லியத்தைப் பன்மடங்கு உயர்த்திவிட்டது. நிழலின் பாதையைச் சில கிலோமீட்டர் பிழைக்குள் கூறுவது இன்று இயல்கிறது.

இதன் பயனாக விளைந்த ஓர் எதிர்பாராத செய்தியைக் கூறவேண்டும். ஹவுமேயா என்னும் பனிக்கோளம் 3.9 மணி நேரத்தில் ஒருமுறை சுழல்கிறது. இத்துணைப் பெரிய உடலுக்கு இது வியக்கத்தக்க வேகம். ஜாக்கோபியின் வடிவம் என்று கொண்டு, அதன் அடர்த்தியை நீரைப்போல் 2.6 மடங்கு என மதிப்பிட்டிருந்தனர். 2017 ஜனவரி 21-ஆம் நாள் அதன் நிழல் ஐரோப்பாவில் விழுந்தபோது 12 தொலைநோக்கிகள் அளந்தன. நீண்ட அச்சு குறைந்தது 2,300 கிலோமீட்டர் என்று தெரிந்தது, எண்ணியதைவிடப் பெரிது. ஆகவே அடர்த்தி 1.9 மடங்குக்கு இறங்கிற்று. உள்ளும் புறமும் ஒரே சீரான துளி இவ்வடர்த்தியில் இவ்வடிவம் கொள்ளாது. உள்ளே கனமான பாறை உண்டா, அல்லது மேலோடு திண்மையால் தாங்கி நிற்கிறதா என்னும் ஆராய்ச்சி இதிலிருந்து பிறந்தது. சந்திரசேகரின் கணிதம் பொய்த்ததென்று இதற்குப் பொருளில்லை. ஹவுமேயா சீரான துளியன்று என்பதை அக்கணிதம் இருந்ததனாலேயே அறிந்தோம். அன்றைய மறைப்பில் ஹவுமேயாவுக்கு ஒரு வளையம் இருப்பதும் புலப்பட்டது.

ஒளி முற்றிலும் வாய் திறவாத சந்தர்ப்பமும் உண்டு. 2014-இல் கண்டுபிடித்த அரோகோத் என்னும் சிறு பிண்டத்தின் ஒளியில் குறிப்பிடத்தக்க ஏற்றத்தாழ்வு எதுவும் தென்படவில்லை. உருண்டையாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். 2017 ஜூலை 17-ஆம் நாள் அர்ஜென்டினாவின் பட்டகோனியாப் பகுதியில் சிறு தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி அதன் நிழலைப் பிடித்தபோது, இரண்டு உருண்டைகள் ஒட்டியது போன்ற வடிவம் வெளிப்பட்டது. 2019 ஜனவரி 1-ஆம் நாள் நியூ ஹொரைசன்ஸ் அதனைக் கடந்து சென்று உறுதி செய்தது. நீளம் 36 கிலோமீட்டர். சுழற்சி ஏறக்குறைய 16 மணி நேரம். ஒளி மாறாததன் காரணம் எளிது. அதன் சுழலும் அச்சு ஏறக்குறைய நம்மை நோக்கியே இருந்தது. தேங்காய் கட்டிய நூலின் நேர் கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். அது எவ்வளவு சுழன்றாலும் ஒரே அகலம்தான் தெரியும்.

வருணனைப் பற்றிய கணக்கும் இன்னும் முடிந்துவிடவில்லை. அது சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 280 ஆண்டுகள் ஆவதால், நாம் அதனைப் பார்க்கும் கோணம் மிக மெதுவாக மாறுகிறது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அதன் ஒளியின் ஏற்றத்தாழ்வு 19 ஆண்டுகளில் சிறிது மிகுந்திருப்பதைக் காட்டியது. கூரிய முனையை இப்போது சற்று நேராகக் காண்கிறோம் என்பது அதன் பொருள். மேலும், கணக்கில் அடங்காமல் எஞ்சிய ஒரு சிறு அதிர்வு, பார்வைக்கு அகப்படாத துணைக்கோள் ஒன்று மிக அருகே சுற்றுவதனால் இருக்கலாம் என்றும் அவ்வாராய்ச்சியாளர்கள் கருதினர். இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்க்க மற்றொரு நிழல் வரவேண்டும். அது விழும் பாதையில் பல ஊர்களில் தொலைநோக்கிகள் இருக்கவேண்டும். அன்றிரவு மேகமும் விலகி நிற்கவேண்டும்.